85 சதவீதத்தை எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது

வேதியியல் கணக்கில் மோல், மோலார் நிறை, சமன்படுத்திய சமன்பாடு எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, "மாதிரியின் தூய்மை 85 சதவீதம்" என்ற ஒரே வரியில் வழுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு ஆள்தான். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை, ஒரு பெருக்கல் அல்லது ஒரு வகுத்தல், அவ்வளவுதான். ஆனால் அந்த 85-ஐக் கணக்கின் எந்த இடத்தில் நுழைப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்யாமல் கண்ணில் பட்ட இடத்தில் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், பாதி நேரம் விடையும் சரியாகவே வந்துவிடுவதால் அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

புழக்கத்தில் இருக்கும் வழிகள் நாலைந்துதான். மாதிரியின் நிறையை முதலிலேயே குறைத்துக்கொள்வது, எல்லாம் முடிந்தபின் விடையில் சரிசெய்வது, மோலார் நிறையையே மாற்றி எழுதிக்கொள்வது, புட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாமல் நாமே அளந்துவிடுவது, மாசையும் ஒரு வினைப்பொருளாகச் சேர்த்துக்கொண்டு தீர்ப்பது. இவற்றில் ஒன்றை நான் கைவிட்டே பல காலம் ஆகிறது. அதில் இருந்தே தொடங்கலாம்.

முதலிலா, கடைசியிலா

10 கிராம் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அதில் 85 சதவீதம் கால்சியம் கார்பனேட், மீதி மணல். சுட்டால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? முதல் வழிக்காரர் 10-ஐ 0.85-ஆல் பெருக்கி 8.5 கிராம் என்று எழுதிக்கொள்வார், அதை 100.09-ஆல் வகுத்தால் 0.0849 மோல், ஒன்றுக்கு ஒன்று என்பதால் அதே அளவு மோல் வாயு, 44.01-ஆல் பெருக்கினால் 3.74 கிராம். இரண்டாம் வழிக்காரர் மாசைக் கண்டுகொள்ளாமல் 10 கிராமும் கார்பனேட் என்றே வைத்து 4.40 கிராம் வரை வந்து, கடைசியில் 0.85-ஆல் பெருக்குவார். அதே 3.74. வரிசை மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாது என்பது சின்ன வகுப்பிலேயே படித்ததுதானே. "எங்கே பெருக்கினால் என்ன" என்ற எண்ணம் இங்கேதான் வேர்விடுகிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 100 கிலோ கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, வேண்டும். அதே 85 சதவீதக் கல் எத்தனை கிலோ தேவை? தூய கல்லாக இருந்தால் 178.5 கிலோ. கடைசியில் பெருக்கியே பழகிய கை இங்கேயும் 0.85-ஆல் பெருக்கி 151.7 என்று எழுதிவிடும். சுத்தமான கல்லே 178 கிலோ தேவைப்படும்போது மணல் கலந்த கல் அதைவிடக் குறைவாக எப்படிப் போதும்? இங்கே வகுக்க வேண்டும், விடை 210 கிலோ.

முதல் வழியில் இந்தக் குழப்பம் வர இடமே குறைவு. மோல் கணக்குக்குள் தூய பொருள் மட்டுமே நுழையும், தூய பொருள் மட்டுமே வெளியே வரும் என்பதுதான் அதன் ஒரே விதி. புட்டியிலிருந்து உள்ளே போகும்போது பெருக்கல், உள்ளேயிருந்து புட்டிக்குத் திரும்பும்போது வகுத்தல். சொல்லிக்கொடுக்கும்போது தாளின் நடுவே ஒரு கோடு கிழிக்கச் சொல்வேன். கோட்டுக்கு இடப்பக்கம் தராசில் நிற்கும் பொருள், வலப்பக்கம் சமன்பாட்டில் இருக்கும் பொருள், கோட்டைத் தாண்டும்போது மட்டும்தான் சதவீதத்தைத் தொடலாம். குழந்தைத்தனமாகத் தோன்றும், ஆனால் இந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் 151.7 என்று எழுதி நான் பார்த்ததில்லை.

இதுவரை பார்த்ததில் இரண்டாம் வழியின் மேல் கவனக்குறைவுக்கு இடம்கொடுக்கிறது என்ற புகாரை மட்டும்தான் சொல்ல முடியும். அது நிஜமாகவே கவிழ்க்கும் இடம் வேறு: இரண்டு வினைப்பொருள்களின் அளவும் கொடுத்துவிட்டு, எது முதலில் தீர்கிறது என்று பார்க்கச் சொல்லும் கணக்கு. தண்டவாளம் பற்றவைக்கப் பயன்படும் தெர்மிட் வினையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மோல் அலுமினியம், ஒரு மோல் ஃபெரிக் ஆக்சைடு, கிடைப்பது இரண்டு மோல் இரும்பு. கையில் இருப்பது 15 கிராம் அலுமினியம், 80 சதவீதம் ஆக்சைடு உள்ள தாது 50 கிராம், தாதுவில் மீதி இருப்பது வினையில் சேராத கல் என்று வையுங்கள்.

கடைசியில் சரிசெய்பவர் 50 கிராமையும் ஆக்சைடாக எடுப்பார். 50-ஐ 159.69-ஆல் வகுத்தால் 0.313 மோல், அதற்கு 0.626 மோல் அலுமினியம் வேண்டும், இருப்பதோ 0.556 மோல், ஆகவே அலுமினியம்தான் முதலில் தீரும் என்று முடிவு கட்டி, 0.556 மோல் இரும்பு, 31.05 கிராம், அதை 0.80-ஆல் பெருக்கி 24.8 கிராம் என்று விடை எழுதுவார். முதலிலேயே குறைப்பவருக்கு ஆக்சைடு 40 கிராம்தான், அதாவது 0.2505 மோல். அதற்கு வேண்டிய அலுமினியம் 0.501 மோல், இருப்பது 0.556, அலுமினியம் மிஞ்சுகிறது. தீர்ந்துபோவது ஆக்சைடு. இரும்பு 0.501 மோல், 28.0 கிராம்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணியே இடம் மாறிவிட்டது பாருங்கள். 24.8 என்பது இன்னும் வேடிக்கையான எண், அலுமினியம்தான் தீர்ந்தது என்று சொல்லிவிட்டு, தாதுவின் தூய்மையை வைத்து அலுமினியம் தந்த விடையை வெட்டியிருக்கிறார். எது சிறியது என்று ஒப்பிடும் படி நடுவில் வந்துவிட்டால் வரிசை மாற்றும் சலுகை அங்கேயே முடிந்துவிடும். இதைப் பார்த்த நாளோடு இரண்டாம் வழியை விட்டுவிட்டேன். ஒரே வினைப்பொருள் இருக்கும் கணக்கில் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகப் பார்க்க மட்டும் எப்போதாவது உதவும்.

இன்னொரு கோளாறும் இதே குடும்பம்தான். கல் 85 சதவீதம் என்றால் சுட்டபின் கிடைப்பதும் 85 சதவீதச் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொள்வது. நம் 10 கிராம் கல்லில் 3.74 கிராம் வாயுவாகப் போய்விட்டது, அடுப்பில் மிஞ்சியது 6.26 கிராம். அதில் 1.5 கிராம் மணல் எங்கேயும் போகவில்லை. கால்சியம் ஆக்சைடு 4.76 கிராம், அதாவது 76 சதவீதம். நல்ல பொருளில் ஒரு பகுதி பறந்துபோனதும் மாசின் பங்கு ஏறிவிட்டது. மணல் வினையில் சேராமல் சும்மா இருந்தது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. சிமென்ட் உலையில் 1450 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதே மணலின் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து சிலிக்கேட் ஆகிறது, அங்கே அதை மாசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மூலப்பொருள் என்பார்கள். மாசு என்பது புட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் நாம் எந்த வினையை நடத்தப் போகிறோம் என்று தெரியாமல் எது மாசு, எது சரக்கு என்றே சொல்ல முடியாது. கீழே வருவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

மோலார் நிறையையே மாற்றுவது

ஆய்வகத்தில் நாள் முழுக்க ஒரே புட்டியோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பெருக்கிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. அவர்கள் செய்வது இது: சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 40.00, புட்டியில் 97 சதவீதம் என்று இருக்கிறது, 40.00-ஐ 0.97-ஆல் வகுத்தால் 41.24. "இந்தப் புட்டியில் ஒரு மோல் என்பது 41.24 கிராம்" என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். 1 லிட்டர் அரை மோலார் கரைசல் வேண்டுமா, 20.62 கிராம் எடு, போ.

திரவங்களுக்கு இது இன்னும் சுகம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 37 சதவீதம், அடர்த்தி மில்லிக்கு 1.19 கிராம். 36.46-ஐ 0.37-ஆல் வகுத்தால் 98.5 கிராம், அதை 1.19-ஆல் வகுத்தால் 82.8 மில்லி. இந்தப் புட்டியில் ஒரு மோல் என்பது 82.8 மில்லி, அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். 98 சதவீதக் கந்தக அமிலத்துக்கு (அடர்த்தி 1.84) அதே கணக்கில் 54.4 மில்லி. கையில் பிப்பெட்டோடு நிற்பவருக்குக் கிராமைவிட மில்லிதான் வேண்டும்.

இந்த வழி கொஞ்சம் குறுக்குவழி மாதிரித் தோன்றுகிறதே, ஒரு பொருளின் மோலார் நிறையைப் போய் மாற்றலாமா என்று சிலருக்கு உறுத்தும். உறுத்த வேண்டியதில்லை, தெரியாமலே இதைத்தான் நாமெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம். நீரில்லாத காப்பர் சல்பேட்டின் மோலார் நிறை 159.61. ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த நீலப் படிகத்துக்கு 249.69. அந்த நீலப் படிகத்தை "63.92 சதவீதம் தூய்மையான காப்பர் சல்பேட், மீதி தண்ணீர்" என்று ஒருவர் பார்த்து 159.61-ஐ 0.6392-ஆல் வகுத்தால் என்ன வரும்? அதே 249.7. படிக நீரோடு சேர்த்து மோலார் நிறை எழுதுவதே இந்த மூன்றாம் வழிதான், பெயர் மட்டும் வைக்கவில்லை.

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 249.69-ஐப் பயன்படுத்திவிட்டு, மேலும் "இதில் 36 சதவீதம் தண்ணீர் ஆயிற்றே" என்று இன்னொரு முறை திருத்துவது. அல்லது ஒருவர் 41.24 என்று ஒட்டி வைக்க, அடுத்து வருபவர் அது என்னவென்று கேட்காமல் அதையும் 0.97-ஆல் வகுத்து 42.5 ஆக்குவது. திருத்தம் எண்ணுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் அது நடந்துவிட்டதா, இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. முதல் வழியில் 0.85 தாளில் பளிச்சென்று நிற்கும், இங்கே நிற்காது. தேர்வுத்தாளில் இந்த வழியைப் போடாதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான், திருத்துபவருக்கு 117.75 என்ற மோலார் நிறை எங்கிருந்து முளைத்தது என்றே புரியாது. ஒரே புட்டி, ஒரே ஆள், நாளெல்லாம் வேலை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

புட்டியில் எழுதியிருப்பது என்ன சொல்கிறது

மேலே சொன்ன மூன்று வழிகளுக்கும் ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு: அந்த 85 அல்லது 97 சரியான எண் என்பது. பாடப்புத்தகத்தில் அது சரிதான், ஏனென்றால் அங்கே எண்ணைக் கொடுத்தவரே கணக்கையும் கொடுத்தவர். புட்டியில் அப்படி இல்லை.

முதலில் அந்த எண்ணின் பொருளையே பாருங்கள். "குறைந்தது 97 சதவீதம்" என்றால் 97 இருக்கலாம், 98.6-ம் இருக்கலாம், அதை 97.00 என்று எடுத்து நான்கு இலக்கத்துக்கு விடை எழுதுவதில் அர்த்தமில்லை. அடுத்து எதன் அடிப்படையில் சதவீதம் என்பது. நிறைக்கு நிறையா, பருமனுக்கு நிறையா, மோல் சதவீதமா? வாயுக் கலவை என்றால் பருமன் சதவீதமும் மோல் சதவீதமும் ஏறக்குறைய ஒன்றே, திடப்பொருளில் அப்படி எடுத்துக்கொண்டால் போச்சு. மருந்துப் பொருள்களில் வழக்கமாக வருவது "உலர்ந்த நிலையில் 99.2 சதவீதம்" என்ற மாதிரி ஒரு வரி, பக்கத்தில் தனியாக ஈரம் 4.5 சதவீதம் என்று இருக்கும். தராசில் நீங்கள் வைப்பது உலர்ந்த பொருளை அல்ல, ஈரத்தோடு இருப்பதை. 0.992-ஐ 0.955-ஆல் பெருக்கினால் 94.7 சதவீதம்தான் உங்கள் கையில் இருப்பது. 99-க்கும் 94-க்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் புட்டியைத் திறந்த பிறகு நடப்பது. சோடியம் ஹைட்ராக்சைடு மணிகளை வாட்ச் கிளாஸில் எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். 4.000 என்று நின்றது, மூடியை மூடிவிட்டுத் திரும்பினால் 4.003, குறிப்பேட்டில் எழுதும் நேரத்துக்குள் 4.007. மணிகள் முதலில் பால் வெள்ளையாக இருந்தவை, ஓரங்களில் வியர்த்த மாதிரி மினுமினுத்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. அது காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக் கார்பனேட் ஆகிறது. மூடி அரைகுறையாக மூடிக் கிடந்த அந்தப் பழைய புட்டியின் 97-ஐ நம்பி 4.00 கிராம் எடுத்து 1 லிட்டர் ஆக்கினேன், 0.0970 மோலார் இருக்க வேண்டும்.

சந்தேகத்தில் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துத் தரம் பார்த்தேன், அதாவது அளவு துல்லியமாகத் தெரிந்த பொருளோடு வினைபுரிய வைத்துக் கரைசலின் உண்மையான செறிவை அளந்தேன். நன்றாக உலர்த்தி எடுத்தால் தராசு காட்டும் எண்ணை அப்படியே நம்பலாம் என்ற தகுதி உள்ள பொருள் அது, மோலார் நிறை 204.22. 0.5105 கிராம் எடுத்தால் 2.500 மில்லிமோல். பினாப்தலீன் என்ற இண்டிகேட்டரைப் போட்டு, இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் வரை விட்டதில் பியூரெட் காட்டியது 26.60 மில்லி. 2.500-ஐ 26.60-ஆல் வகுத்தால் 0.0940 மோலார். அதாவது அந்த 4.00 கிராமில் காரமாக வேலை செய்தது 3.76 கிராம்தான், 94.0 சதவீதம். மூன்று சதவீதம் காணாமல் போயிருக்கிறது, அதை எந்தப் பெருக்கலும் வகுத்தலும் கண்டுபிடித்துத் தந்திருக்காது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கதையும் இப்படித்தான், அதில் மாங்கனீசு டை ஆக்சைடு சிறிதளவாவது ஒட்டிக்கொண்டே இருக்கும், கரைசலில் வைத்தால் இன்னும் கொஞ்சம் உண்டாகும். எடை போட்டு மோலாரிட்டி எழுதும் வேலையே வேண்டாம், சோடியம் ஆக்சலேட்டை வைத்துத் தரம் பார்த்துவிடுவதுதான் வழக்கம். நேரம் பிடிக்கும் என்பதுதான் இந்த நான்காம் வழியின் ஒரே குறை. மூன்று டைட்ரேஷன், ஒத்துப்போகும் அளவீடு, கழுவித் துடைத்து வைக்க எப்படியும் ஒரு மணி நேரம். விடை ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருந்தாக வேண்டும் என்றால் கொடுக்கவேண்டிய விலைதான். சும்மா ஒரு கரைசலைக் காரமாக்க மட்டும் வேண்டும் என்றால் 97-ஓடு நிறுத்திக்கொள்ளலாம், அதையும்கூடக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு வழிதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மிகையாகச் சேர்க்கும் வினைப்பொருளின் தூய்மைக்கு யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. குளோரைடு முழுவதையும் வீழ்படிவாக்க வெள்ளி நைட்ரேட்டைத் தாராளமாக ஊற்றும்போது அது 99-ஆ 98-ஆ என்பது விடையைத் தொடாது. சேர்க்கும் வேறு எந்தப் பொருளிலாவது குளோரைடு மாசு ஒளிந்திருந்தால் மட்டும் கதை வேறு.

மாசும் வேலை செய்தால்

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மணல் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாசுக்கு முதல் வழியே போதும். மாசும் அதே வினையில் கை நனைத்தால்?

அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடுக்கே வருவோம். ஒரு கிராம் மாதிரியில் 0.90 கிராம் ஹைட்ராக்சைடு, 0.05 கிராம் சோடியம் கார்பனேட், 0.05 கிராம் தண்ணீர் இருப்பதாக வையுங்கள். இதன் தூய்மை என்ன? 90 என்பீர்கள். மெத்தில் ஆரஞ்சு போட்டு வலிமையான அமிலத்தோடு டைட்ரேஷன் செய்தால் கார்பனேட்டும் முழுசாக அமிலத்தைத் தின்னும், 22.50 மில்லிமோலோடு 0.94-ம் சேர்ந்து 23.44, அதை ஹைட்ராக்சைடாக எழுதினால் 93.8 சதவீதம். பினாப்தலீன் போட்டால் கார்பனேட் பைகார்பனேட்டோடு நின்றுவிடும், பாதிதான் கணக்கில் வரும், 91.9 சதவீதம். ஒரே மாதிரிக்கு 90, 91.9, 93.8 என்று மூன்று விடைகள், மூன்றும் சரி. அமிலக் கழிவை முழுக்க நடுநிலையாக்கப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது 93.8. அசிட்டிக் அமிலத்தைப் பினாப்தலீனோடு அளக்கப் போகிறீர்கள் என்றால் 91.9. ஹைட்ராக்சைடு மட்டுமே செய்யக்கூடிய வேலை என்றால் 90. எந்த வினையில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த வினையிலேயே, முடிந்தால் அதே இண்டிகேட்டரோடு தரம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான், அப்படிச் செய்துவிட்டால் மாசின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் தலைவலியே இல்லாமல் கணக்கு நேராகிவிடும்.

சில சமயம் பிரித்தே ஆக வேண்டியிருக்கும். சுண்ணாம்புக்கல்லில் மணலுக்குப் பதில் மெக்னீசியம் கார்பனேட் கலந்திருந்தால், அதன் மோலார் நிறை 84.31 மட்டுமே என்பதால் கிராமுக்குக் கிராம் அது கூடுதல் வாயு விடும்: கால்சியம் கார்பனேட் கிராமுக்கு 0.4397, இது 0.5220. நன்றாக உலர்த்திய ஒரு கிராம் கல்லிலிருந்து 0.4600 கிராம் வாயு வந்தால், எல்லாம் கால்சியம் கார்பனேட் என்று நினைப்பவருக்குத் தூய்மை 104.6 சதவீதம் என்று வரும். நூறைத் தாண்டிய தூய்மையைப் பார்த்ததும் தராசைத் திட்டுபவர்கள் உண்டு. தராசு பாவம். கால்சியம், மெக்னீசியம் இரண்டின் கார்பனேட்டும் சேர்ந்த கனிமமான தூய டாலமைட்டையே இப்படி அளந்தால் சுமார் 108.6 வரும், நிலத்தில் அமிலத்தன்மையைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புக்கு "கால்சியம் கார்பனேட் ஈடு" என்று அந்த எண்ணை அப்படியே எழுதவும் செய்கிறார்கள், அங்கே நூறைத் தாண்டுவது தரக்குறைவு ஆகாது, அமிலத்தைக் கூடுதலாக அடக்கும் என்று பொருள்.

வேறு எதுவும் கலக்கவில்லை என்று தெரிந்தால் இரண்டு சமன்பாடு போட்டுத் தீர்த்துவிடலாம். இரண்டின் நிறையும் சேர்ந்து 1, இரண்டின் வாயுவும் சேர்ந்து 0.4600. தீர்த்தால் மெக்னீசியம் கார்பனேட் 0.247 கிராம், கால்சியம் கார்பனேட் 0.753 கிராம். அழகாக வருகிறது, ஆனால் இந்த அழகை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். 0.5220-க்கும் 0.4397-க்கும் இடையே இருக்கும் வித்தியாசம் வெறும் 0.0823. வாயுவின் எடையில் ஒரே ஒரு மில்லிகிராம் பிழை வந்தால் மெக்னீசியம் கார்பனேட் 12 மில்லிகிராம் இடம் மாறும், பிழை பன்னிரண்டு மடங்கு பெருத்துவிடுகிறது. கொஞ்சம் மணலும் சேர்ந்திருந்தால் மூன்று தெரியாத அளவுகள், இரண்டு சமன்பாடு, தீராது. அப்போது கரைத்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஈடிடிஏ-வை (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சேர்மம்) வைத்துத் தனித்தனியாக அளப்பதுதான் வழி, எடைக் கணக்கில் இன்னும் முக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பொருந்தாமல் நிற்கும் அந்தச் சின்ன மிச்சத்தை "ஏதோ மாசு" என்று தள்ளிவிடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இயற்பியலாளர் ரேலே காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனை எடைபோட்டபோது லிட்டருக்கு 1.2572 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்ததற்கு சுமார் 1.2505. வித்தியாசம் அரை சதவீதம்தான். அதை விடாமல் துரத்தியதில் 1894-ல் அவருக்கும் வேதியியலாளர் ராம்சேவுக்கும் கிடைத்தது ஆர்கான், 1904-ல் ஒருவருக்கு இயற்பியலிலும் மற்றவருக்கு வேதியியலிலும் நோபல் பரிசு. காற்று நைட்ரஜனில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்திருந்த "மாசு" அது.

விளைச்சல் சதவீதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தூய்மையும் சதவீதம், விளைச்சலும் சதவீதம், இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக்கி எங்கேயோ ஒரு இடத்தில் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. தூய்மை வினைப்பொருள் பக்கத்தில் சேர்வது, விளைச்சல் விளைபொருள் பக்கத்தில் சேர்வது. 98 சதவீத சாலிசிலிக் அமிலம் 2.00 கிராம் எடுத்து ஆஸ்பிரின் செய்தால், தூய அமிலம் 1.96 கிராம், 0.0142 மோல், அதிகபட்சம் 2.56 கிராம் ஆஸ்பிரின். வடிதாளிலிருந்து எடுத்து உடனே எடைபோட்டு 2.70 கிராம் என்று எழுதினால் விளைச்சல் 105 சதவீதத்தைத் தாண்டும். விளைபொருளுக்கும் ஒரு தூய்மை உண்டு, அதில் ஒட்டியிருக்கும் மாசு பெரும்பாலும் தண்ணீர்தான். உலர்த்தி 2.20 கிராம் ஆனபின் பார்த்தால் 86 சதவீதம்.

அப்படியானால் எதை எடுப்பது

தாளில் வரும் கணக்கு எதுவானாலும் எனக்கு முதல் வழிதான், கோடு கிழித்து, இரண்டு வினைப்பொருளும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே கோட்டைத் தாண்ட வைத்து. ஆய்வகத்தில் மாறாத புட்டி என்றால் மூன்றாம் வழி. காற்றுப் பட்டால் மாறும் பொருளோ திறந்து பல நாளான பொருளோ என்றால் யோசிக்காமல் நான்காம் வழி. மாசு வினையில் சேர்கிறதா என்ற கேள்வியை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு ஆமாம் என்று விடை வந்தால் 85 என்ற எண்ணே வேறு எண் ஆகிவிடும்.

அந்தப் பழைய சோடியம் ஹைட்ராக்சைடு புட்டியை நான் தூக்கிப் போடவில்லை. அச்சடித்த 97-ஐக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலில் எழுதி வைத்தேன்: ஒரு மோல் 42.55 கிராம், திருத்தம் சேர்ந்தது, பினாப்தலீன், தேதி. மூடியை இறுக்கி மூடி உள்ளே வைத்தேன். அடுத்த வாரம் எடுத்தபோது தேதியைப் பார்த்துவிட்டு மறுபடியும் பியூரெட்டைக் கழுவத் தொடங்கினேன்.